கொடையும் தூய்மையும்: பறவைத் தீனிக்கலத்தின் அடிநிலம் பற்றிய ஓர் ஆய்வு

முன்னுரை

பிற உயிர்கள்பால் இரக்கம் கொண்டு ஈந்தோரைத் தமிழ் மரபு தனிச் சிறப்புடன் போற்றி வந்துள்ளது. மயிலுக்குப் போர்வை ஈந்த பேகனை நாம் அனைவரும் அறிவோம். அவனைப் பாடிய பரணர், அவனது ஈகையைக் 'கொடைமடம்' என்னும் சொல்லால் குறித்தார். கொடுக்கும் பொருள் பெறுவோர்க்குப் பயன்படுமா என்று ஆராயாது, கொடுத்தல் ஒன்றையே கருதிக் கொடுப்பது கொடைமடம். புலவர் அதனைக் குறையாகக் கூறவில்லை, புகழாகவே கூறினார். மயில் போர்வையை எடுத்து உடுத்துவதில்லை. ஆயினும் அப்போர்வையால் மயிலுக்குக் கேடு எதுவும் விளையவில்லை. எனவே அம்மடமும் அழகாயிற்று.

ஆனால், ஈந்த பொருளே பெற்ற உயிருக்கு நஞ்சாக மாறுமாயின், அப்போதும் கொடைமடம் புகழுக்கு உரியதாகுமா? இவ்வினா வெறும் இலக்கிய வினா அன்று. இங்கிலாந்து முதலிய நாடுகளில் வீட்டுத் தோட்டங்களில் பறவைகளுக்குத் தீனியிடும் மக்கள் முன்னே இன்று நிற்கும் வினா இதுவே. தோட்டத்தில் தொங்கும் தீனிக்கலத்தை அவர்கள் அன்புடன் நிரப்புகின்றனர். கலத்தின் கீழே உமியும் எச்சமும் சிதறிய தானியமும் நாள்தோறும் குவிகின்றன. மேலே உள்ள கலத்தைப் பலரும் காண்கின்றனர். கீழே உள்ள நிலத்தைச் சிலரே காண்கின்றனர். அந்நிலத்தில் நிகழ்வது யாது, அதனைச் செப்பமுற வைத்திருக்கும் முறை யாது என்பவற்றைப் பிரித்தானிய நாட்டு நிகழ்வுகளை முதன்மையாகக் கொண்டு இக்கட்டுரையில் ஆராய்கின்றோம்.

வழக்கம் வளர்ந்த வரலாறு

பிரித்தானியாவில் பறவைகளுக்குத் தீனியிடும் பழக்கம் பரவலான வழக்கமாக மாறியமைக்கு 1890-91ஆம் ஆண்டின் கடுங்குளிர் ஒரு காரணமாக அமைந்தது. நிலம் உறைந்து பறவைகள் இரையின்றி மடிந்தபோது, அவற்றிற்கு உணவிடுமாறு நாளேடுகள் மக்களை வேண்டின. அதற்குச் சற்று முன்னர், 1889ஆம் ஆண்டில், பறவைகளின் இறகுகளைத் தொப்பிகளில் சூடும் வழக்கத்தை எதிர்த்துப் பெண்மணிகள் தொடங்கிய இயக்கமே பின்னாளில் அரச பறவைகள் பாதுகாப்புச் சங்கமாக வளர்ந்தது. ஆக, பறவைகள்பால் மக்கள் மனம் கனிந்திருந்த காலம் அது. 1910ஆம் ஆண்டில் 'பஞ்ச்' என்னும் நகைச்சுவை ஏடு, பறவைகளுக்குத் தீனியிடுதலை நாட்டு மக்களின் பொழுதுபோக்கு என்றே குறிப்பிட்டது.

தொடக்கத்தில் ரொட்டித் துணுக்குகளும் அடுக்களையில் எஞ்சியனவுமே தீனியாக இருந்தன. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நிலை மாறியது. நிலக்கடலை, சூரியகாந்தி விதை, பேயெள் ஆகியவை பைகளில் அடைக்கப்பெற்றுக் கடைகளில் விற்பனைக்கு வந்தன. இவற்றுள் பேயெள் நம் நாட்டிற்கு அயலானது அன்று. இந்தியாவிலும் எத்தியோப்பியாவிலும் எண்ணெய்க்காகப் பயிரிடப்பெறும் அச்சிறு விதை, கடல் கடந்து சென்று மேலைநாட்டுச் சிறு பறவைகளின் அலகில் சேர்கின்றது. அவ்விதையுடன் 'அம்மையார் கூந்தல்' என்னும் ஒட்டுண்ணிக் கொடியின் விதையும் கலந்து வந்துவிடலாம் என்று அஞ்சி, அமெரிக்க அரசு அதனை வெப்பமூட்டி முளைப்புத்திறன் நீக்கிய பின்னரே நாட்டிற்குள் விடுகின்றது. சிதறும் விதை முளைக்கும் என்னும் அச்சம் ஓர் அரசின் இறக்குமதி விதியில் இடம்பெற்றிருப்பது நோக்கத்தக்கது.

இவ்வழக்கத்தின் பயனையும் மறைத்தல் கூடாது. பிரித்தானியப் பறவையியல் அறக்கட்டளை 1970ஆம் ஆண்டு முதல் தோட்டத் தீனிக்கு வரும் பறவைகளைக் கணக்கெடுத்து வந்தது. 1970களின் தொடக்கத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவான தோட்டங்களுக்கே வந்த கோல்டுஃபிஞ்ச் என்னும் சிறு பறவையும் மரப்புறாவும், நாற்பது ஆண்டுகளில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேலான தோட்டங்களுக்கு வரலாயின. தோட்டத்து உணவு காட்டுப் பறவைகளின் வாழ்வையே மாற்ற வல்லது என்பதற்கு இது சான்று. மாற்ற வல்ல ஆற்றல் நன்மைக்கும் உண்டு, தீமைக்கும் உண்டு.

கீழே விழுவன எவை?

தீனிக்கலத்தின் கீழே சேரும் குப்பையை ஒரே பொருளாகக் கருதுவதே முதற்பிழை. அதனை ஐவகையாகப் பகுத்துக் காணலாம்.

முதலாவது உமி. எண்ணெய் வகைச் சூரியகாந்தி விதையின் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு மேலோடு ஆகும். பத்துக் கிலோ விதையை ஒரு குளிர்காலத்தில் இடுவோர், தம்மை அறியாமலே இரண்டரைக் கிலோ ஓட்டினைத் தோட்டத்தில் கொட்டுகின்றனர். அவ்வோடு எளிதில் மட்குவதில்லை. பிற செடிகளின் முளைப்பையும் வளர்ச்சியையும் தடுக்கும் வேதிப்பொருள்கள் சூரியகாந்தியில் உள்ளன. கலத்தின் கீழே புல் கருகி வட்டமாய் வெறுந்தரை தோன்றுவதற்கு மிதிபாடும் எச்சமும் மட்டுமன்றி இதுவும் ஒரு காரணம்.

இரண்டாவது, வேண்டாமென ஒதுக்கப்பெற்ற தானியம். விலை மலிவான கலவைகளில் கோதுமையும் சிவப்புச் சோளமும் உலர்ந்த பருப்பும் அளவைக் கூட்டுவதற்காகச் சேர்க்கப்பெறுகின்றன. தொங்கும் கலத்திற்கு வரும் சிறு பறவைகள் சூரியகாந்தியை விரும்பி, ஏனையவற்றை அலகால் கிளறிக் கீழே தள்ளுகின்றன. மலிவு எனக் கருதி வாங்கிய பையில் ஒரு பங்கு உண்ணப்படாமலே தரையைச் சேர்கின்றது.

மூன்றாவது, உண்ணும்போது உதிரும் துணுக்கு. நான்காவது, எச்சம். ஐந்தாவது, எச்சிற்பட்டு நழுவிய விதை. முதல் மூன்றும் கண்ணுக்குப் புலப்படும் குப்பை. இறுதி இரண்டுமே உயிருக்குத் தீங்கு செய்யும் குப்பை. எச்சிற்பட்ட விதைக்கும் தூய விதைக்கும் நம் கண்ணுக்கு வேறுபாடு தோன்றாது. பறவையின் கண்ணுக்கும் தோன்றாது. சிக்கலின் வேர் இங்கேதான் உள்ளது.

சிதறலைத் தேடி வருவோர்

சிதறிய தானியம் தரையில் கிடந்தால் அதனைத் தேடி வருவோர் பலர். மரப்புறாவும் கழுத்துவளையப் புறாவும் தரையில் மேய்வன. தொங்கும் கலத்தில் அமர இயலாத அவற்றிற்குச் சிதறலே விருந்து. ராபின், கரும்பறவை, டன்னக் போன்ற சிறு பறவைகளும் அங்கேயே மேய்கின்றன. கலத்தில் ஒரு கூட்டமும் கீழே ஒரு கூட்டமுமாக அமைகையில், மேலே இருப்பவற்றின் எச்சம் கீழே உண்பவற்றின் உணவின்மீது விழுகின்றது. ஈரத்தில் கிடக்கும் கோதுமை முளைவிடுகின்றது. உமி பூசணம் பூக்கின்றது.

பகலில் புறா வரும் இடத்திற்கு இரவில் பழுப்பு எலி வருகின்றது. எலி பெருகினால் அண்டை வீட்டார் முறையிடுகின்றனர். பிரித்தானியாவில் 1949ஆம் ஆண்டின் தீங்குயிரிச் சேதத் தடுப்புச் சட்டப்படி, எலிகளை ஒழிக்குமாறு நிலத்துக்கு உரியவரை உள்ளாட்சி மன்றம் பணிக்கலாம். உடனே எலி நஞ்சு வைக்கப்படுகின்றது. நஞ்சுண்ட எலியை ஆந்தை உண்கின்றது. அந்நாட்டில் இறந்து கிடந்த கூகைகளைச் சோதித்தபோது, பெரும்பாலானவற்றின் ஈரலில் எலி நஞ்சின் எச்சம் காணப்பட்டது. அந்நஞ்செல்லாம் தோட்டங்களிலிருந்து வந்தது அன்று. பண்ணைகளின் பங்கும் பெரிது. எனினும், சிறு பறவைக்கு இட்ட உணவு எலியை அழைத்து, எலி நஞ்சை அழைத்து, நஞ்சு மற்றொரு பறவையைச் சென்றடையும் இச்சங்கிலியை எண்ணிப் பார்த்தல் வேண்டும். எலிக்காய்ச்சல் எனும் நோய் எலியின் சிறுநீர் வழியே மனிதரையும் பற்றும் என்பதும் நாம் அறிந்ததே.

களைச்செடியும் ஒரு தொல்லையே. வட அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட அம்பிரோசியா என்னும் களையின் மகரந்தம் பலருக்கு மூச்சுத்திணறலையும் ஒவ்வாமையையும் உண்டாக்கும். ஐரோப்பாவில் அது பரவிய வழிகளுள் பறவைத் தீனியும் ஒன்று. அதனால் ஐரோப்பிய ஒன்றியம் 2011ஆம் ஆண்டில் விதி வகுத்து, பறவைத் தீனி முதலியவற்றில் இக்களை விதை ஒரு கிலோவுக்கு 50 மில்லிகிராம் என்னும் வரம்பைத் தாண்டலாகாது என்று வரையறுத்தது.

கிரீன்ஃபிஞ்ச் பறவையின் வீழ்ச்சி

இவை யாவும் இடையூறுகள் எனலாம். இனிக் கூறப்போவது பேரிழப்பு.

கிரீன்ஃபிஞ்ச் என்பது சிட்டுக்குருவியை ஒத்த அளவும், பசுமை கலந்த மஞ்சள் நிறமும், தடித்த அலகும் உடைய பறவை. தோட்டத் தீனியை மிகவும் விரும்பி வருவது. 1990களில் பிரித்தானியாவில் அதன் எண்ணிக்கை பெருகியிருந்தது. 2005ஆம் ஆண்டில் அப்பறவைகள் சில, இறகுகளைச் சிலிர்த்துக்கொண்டு, விழுங்க இயலாமல், அலகைச் சுற்றி ஈரம் படிந்த நிலையில் தோட்டங்களில் சோர்ந்து கிடக்கக் காணப்பட்டன. 2006ஆம் ஆண்டின் கோடை முடிவில் அது கொள்ளைநோயாக வெடித்தது. காரணம் டிரைக்கோமோனாஸ் கலினே என்னும் ஒருசெல் உயிரி.

இவ்வுயிரி புதிதன்று. புறாக்களின் தொண்டை நோயாகப் புறா வளர்ப்போர் அதனை நெடுங்காலமாக அறிவர். நோயுற்ற புறாவை உண்ட வல்லூறுகளுக்கும் அது வருவதுண்டு. பண்டைய வல்லூறு வளர்ப்போர் அதற்குத் தனிப்பெயரே இட்டிருந்தனர். புதுமை யாதெனில், ஃபிஞ்ச் இனத்துச் சிறு பறவைகளிடையே அது கொள்ளைநோயாகப் பரவியதே. புறா இனத்திலிருந்தே அது தாவியிருத்தல் கூடும் என்று ஆய்வாளர் கருதுகின்றனர். புறாவும் ஃபிஞ்சும் நெருங்கி உண்ணும் இடங்களுள் முதன்மையானது தீனிக்கலத்தின் அடிநிலம் என்பதை நாம் முன்னரே கண்டோம்.

அவ்வுயிரி பறவையின் தொண்டையிலும் இரைப்பையிலும் வாழ்கின்றது. நோய் முற்றியபோது தொண்டை தடித்து அடைபடுகின்றது. பறவை விதையை அலகில் எடுக்கும், விழுங்க இயலாது, எச்சிலுடன் அதனைக் கீழே விட்டுவிடும். அடுத்து வரும் பறவை அதே விதையை எடுக்கும். பசித்த நோயாளி தீனிக்கலத்தை விட்டு அகலாது அங்கேயே சுற்றிக்கொண்டிருப்பதால் இந்நிகழ்வு பன்முறை நிகழ்கின்றது. நீலச் சிட்டு போன்றவை ஒரு விதையைக் கவ்விக்கொண்டு கிளைக்குப் பறந்து, அங்கே காலடியில் இடுக்கிக் கொத்தி உண்ணும். ஃபிஞ்சுகளோ கலத்திலேயே நெடுநேரம் அமர்ந்து, அலகினுள் விதையை உருட்டி ஓடு நீக்கி உண்ணும். இவ்வுணவுப் பழக்கமே அவற்றிற்கு இடராய் முடிந்தது.

விளைவு யாது? பிரித்தானியாவில் ஏறத்தாழ 43 இலட்சமாக இருந்த கிரீன்ஃபிஞ்ச் பறவைகள் 2009ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ 28 இலட்சமாகக் குறைந்தன. சில ஆண்டுகளுக்குள் பதினைந்து இலட்சம் பறவைகள் மறைந்தன. 2008ஆம் ஆண்டில் நோய் வட ஐரோப்பாவிலும் காணப்பட்டது. 2021ஆம் ஆண்டு திசம்பரில் கிரீன்ஃபிஞ்ச் அந்நாட்டின் பறவைகளுக்குரிய சிவப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. வேட்டையாடுவோர் எவரும் அப்பறவையைக் கொல்லவில்லை; அதன்பால் அன்பு கொண்டோர் கூட்டிய பந்தியிலேயே அது நோயுற்றது. இதுவே நாம் ஊன்றி நினைக்க வேண்டிய செய்தி.

ஏனைய நோய்கள்

எச்சத்தின் வழியே பரவுவது சால்மோனெல்லா என்னும் நுண்ணுயிரி. 2020-21ஆம் ஆண்டின் குளிர்காலத்தில் அமெரிக்காவில் பைன் சிஸ்கின் என்னும் சிறு பறவைகள் தீனிக்கலங்களின் அருகே இறந்து வீழ்ந்தன. அது பறவைகளோடு நிற்கவில்லை. காட்டுப் பாடும்பறவைகளோடு தொடர்புடைய அந்நுண்ணுயிரியால் 12 மாநிலங்களில் 29 பேர் நோயுற்றதாக அந்நாட்டு நோய்க்கட்டுப்பாட்டு மையம் அறிவித்தது. பறவைக்கலத்தைத் தொட்ட கையைக் கழுவாமல் உணவு உண்பதும், கலத்தை அடுக்களைத் தொட்டியில் கழுவுவதும் எத்துணை இடர் உடையவை என்பதற்கு இஃதொரு பாடம்.

1994ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அமெரிக்கத் தலைநகர் வாசிங்டனை அடுத்த பகுதிகளில் ஹவுஸ் ஃபிஞ்ச் பறவைகள் கண் வீங்கிப் பார்வையிழக்கக் காணப்பட்டன. கோழிகளைத் தாக்கும் மைக்கோபிளாஸ்மா என்னும் நுண்ணுயிரியே காரணம். குழாய் வடிவக் கலத்தின் துளையில் பறவை தலையை நுழைக்கும்போது நோயுற்ற கண்ணின் கசிவு துளையின் விளிம்பில் படிகின்றது. அடுத்த பறவைக்கு அது தொற்றுகின்றது. எனவே அடிநிலம் மட்டுமன்றிக் கலத்தின் வாயும் தூய்மைக்கு உரியது.

நிலக்கடலையில் தோன்றும் பூசணத்தையும் இங்கே குறித்தல் தகும். 1960ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் விளங்காமல் மடிந்தன. பூசணம் பிடித்த கடலைப் பிண்ணாக்கே காரணம் என ஆய்வில் புலனாயிற்று. அப்லாடாக்சின் என்னும் நஞ்சினை உலகம் அறிந்தது அவ்வாறே. கடலை விளைவிக்கும் நம் உழவர்க்கும் அந்நஞ்சின் பெயர் அயலானது அன்று. ஈரம் பட்ட கடலையைப் பறவைக்கு இடுதல் உணவிடுதல் ஆகாது.

தட்டு என்னும் தீர்வும் அதன் சிக்கலும்

சிதறலைத் தடுக்கக் கலத்தின் அடியில் ஒரு தட்டினைப் பொருத்தலாம் என்பது எவர்க்கும் எளிதில் தோன்றும் தீர்வு. கடைகளில் அத்தகைய தட்டுகள் விற்பனைக்கு உள்ளன. தரை தூய்மையாகும், எலி வருவது குறையும். ஆனால், தரையில் பரவி விழுந்திருக்க வேண்டிய எச்சமும் எச்சிலும் இப்போது ஒரு சாண் அகலத் தட்டில் செறிகின்றன. பறவைகள் அதன்மீதே நின்று, அதிலேயே எச்சமிட்டு, அதிலிருந்தே உண்கின்றன. கண்ணுக்குத் தூய்மையைத் தந்த கருவி, நோய்க்கு அரியணை அமைத்துக் கொடுத்துவிடுகின்றது.

இக்காரணம் பற்றியே 2025ஆம் ஆண்டு சனவரியில் அரச பறவைகள் பாதுகாப்புச் சங்கம், பறவை மேசை உள்ளிட்ட தட்டைப் பரப்புடைய தீனிக்கலங்களின் விற்பனையை இடைநிறுத்தியது. தலைமுறை தலைமுறையாக ஆங்கிலேயத் தோட்டத்தின் அடையாளமாக விளங்கிய பறவை மேசையையே அச்சங்கம் ஐயுற நேர்ந்தது. தட்டு வைப்பதாயின் அதனை நாள்தோறும் வெறுமையாக்கித் துடைத்தல் வேண்டும். இயலாதாயின் தட்டு வேண்டா என்பதே நாம் கொள்ளத்தக்க முடிபு.

செய்யத்தக்கன

இதுகாறும் கூறியவற்றிலிருந்து அடிநிலத்தைப் பேணும் நெறிகளைத் தொகுத்துக் கூறுவோம்.

முதல் நெறி, அளவு. ஓரிரு நாளில் உண்டு முடிக்கத்தக்க அளவே இடுதல் வேண்டும். மாலையில் தரையில் தானியம் எஞ்சிக் கிடந்தால், இட்டது மிகுதி என்று அறியலாம். அதுவே நமக்கு அமைந்த அளவுகோல்.

இரண்டாம் நெறி, தேர்வு. கோதுமை மிகுந்த கலவையை விடுத்து, அங்கு வரும் பறவைகள் உண்ணும் விதையை மட்டும் இடுதல் நன்று. ஓடு நீக்கிய சூரியகாந்திப் பருப்பு உமியை அறவே நீக்கும். விலை கூடுதலாயினும் எடை முழுவதும் உணவாகின்றது. ஆனால், ஓடற்ற பருப்பு மழையில் விரைந்து கெடும். ஆதலின் அதனைச் சிறிது சிறிதாகவே இடுதல் வேண்டும்.

மூன்றாம் நெறி, இடம். துடைத்தற்கு எளிதான கல் பாவிய தரையின்மேல் கலத்தைத் தொங்கவிடலாம். புல்தரையாயின் சில வாரங்களுக்கு ஒருமுறை இடம் மாற்றுதல் வேண்டும். மாற்றினால் பழைய இடம் வெயிலிலும் காற்றிலும் உலர்ந்து தூய்மை பெறும். டிரைக்கோமோனாஸ் உயிரி உலர்ச்சியைத் தாங்காது. ஈரமே அதன் அரண். ஆகவே, உலரவிடுதலும் ஒரு மருந்தே.

நான்காம் நெறி, கூட்டுதல். உமியையும் சிதறலையும் அடிக்கடி கூட்டி அள்ளுதல் வேண்டும். உலர்ந்த எச்சத்தைத் துடைப்பத்தால் அடித்துக் கூட்டினால் தூசி மூக்கினுள் செல்லும். சிறிது நீர் தெளித்த பின்னரே கூட்டுதல் வேண்டும். கையுறை அணிதல் நன்று. அள்ளிய குப்பையைப் பையில் கட்டிக் குப்பைத்தொட்டியில் இடுதலே தக்கது. செடிகளின் அடியில் கொட்டுதல் ஆகாது.

ஐந்தாம் நெறி, கழுவுதல். வாரம் ஒருமுறையேனும் கலத்தைப் பிரித்து, ஒட்டியவற்றைச் சுரண்டி, வெந்நீரும் சோப்பும் இட்டுத் தேய்த்தல் வேண்டும். பின்னர், ஒரு பங்கு வெளுப்பு நீர்மத்துடன் ஒன்பது பங்கு நீர் கலந்து அதில் ஊறவைத்து, நன்கு அலசி, முற்றிலும் உலர்ந்த பின்னரே மீண்டும் நிரப்புதல் வேண்டும். அழுக்கு நீங்காத கலத்தில் கிருமிநாசினி பயன் தராது. தேய்த்தல் முன், மருந்து பின் என்னும் வரிசை மாறலாகாது. இதற்கெனத் தனி வாளியும் தனித் தூரிகையும் வைத்துக்கொண்டு, வீட்டிற்கு வெளியே செய்தல் வேண்டும். முடிவில் கைகளைச் சோப்பிட்டுக் கழுவுதல் இன்றியமையாதது. குடிநீர்க் கிண்ணத்தின் நீரையோ நாள்தோறும் மாற்றுதல் வேண்டும்.

ஆறாம் நெறி, நிறுத்துதல். சோர்ந்து சிலிர்த்த பறவையோ இறந்த பறவையோ தென்படின், உடனே தீனியிடுதலை நிறுத்தி, கலங்களைக் கழுவி எடுத்துவைத்து, இரண்டு முதல் நான்கு வாரங்கள் வரை பறவைகளைக் கலைந்து செல்ல விடுதல் வேண்டும். பசியால் வாடுமே என்னும் இரக்கம் அப்போது எழும். ஆயினும், கூட்டம் கலைவதே நோய்த்தொடரை அறுக்கும் வழி. இடுதலால் அன்றி இடாமையாலும் அருள் செய்யும் நேரம் ஒன்று உண்டு.

நிறுத்துவதா, தொடர்வதா?

இத்துணைத் தீமை உண்டெனில் தீனியிடுவதையே விட்டுவிடலாமே என்று சிலர் வினவக்கூடும். அவ்வினாவில் நியாயம் உண்டு. எனினும் கடுங்குளிர் நாள்களில் சிறு பறவைக்குக் கிடைக்கும் ஒருவேளை உணவு உயிர் காக்கும் உணவு என்பதும் மெய். சன்னலருகே வரும் பறவையைக் கண்டு பறவையினத்தின்பால் அன்பு கொண்ட சிறுவர்களும் முதியோரும் எண்ணற்றவர். 1979ஆம் ஆண்டு முதல் ஆண்டுதோறும் நடைபெற்றுவரும் பெருந்தோட்டப் பறவைக் கணக்கெடுப்பில் பொதுமக்களே பெருந்திரளாகப் பங்கு கொள்கின்றனர். கிரீன்ஃபிஞ்ச் குறைந்ததை நாடு அறிந்துகொண்டதும் இத்தகைய தன்னார்வக் கணக்கெடுப்புகளின் துணையால்தான். உணவிட்ட கையே நோயையும் கண்டு உரைத்தது.

இடைப்பட்ட வழி ஒன்றும் உண்டு. ஹாதார்ன், ரோவன், ஹாலி, ஐவி போன்ற கனிதரும் செடிகொடிகளையும், பூத்து முதிர்ந்து விதை தரும் டீசல், சூரியகாந்தி போன்றவற்றையும் தோட்டத்தில் வளர்த்தால், உணவு ஒரே இடத்தில் குவியாது தோட்டம் முழுவதும் பரந்திருக்கும். பறவைகளும் பரந்து உண்ணும். அங்கே கூட்டமும் இல்லை. குவியும் குப்பையும் இல்லை. தீனிக்கலம் கடுங்குளிர்க்கு உற்ற துணையாகவும், செடிகள் ஆண்டு முழுமைக்குமான உணவாகவும் அமைவது சிறப்பு.

முடிவுரை

தீனிக்கலத்தின் கீழே கிடக்கும் குப்பை அழகைக் கெடுக்கும் ஒன்று என்று மட்டும் எண்ணுவோர், விருந்தினர் வரும் நாளில் அதனைக் கூட்டுவர். அது பறவையின் உயிரோடு தொடர்புடையது என்று அறிந்தோர், எவரும் காணாத நாளிலும் கூட்டுவர். இவ்வறிவையே இக்கட்டுரை வற்புறுத்துகின்றது. கலத்தை நிரப்புவதற்குச் சில நொடிகள் போதும். கழுவுவதற்கு அரைமணி நேரம் வேண்டும். அவ்வரைமணி நேரத்தையும் ஈகையின் ஒரு பகுதியாகக் கணக்கிடுபவரே முழுமையாக ஈந்தவர் ஆவர்.

மயிலுக்குப் போர்வை ஈந்த காலத்தில் கொடைமடம் கவிதையாயிற்று. இலட்சக்கணக்கான வீடுகள் ஒருசேர உணவிடும் இக்காலத்தில், கொடைக்கு மடம் அழகன்று. கொடைக்கு அறிவே அழகு. இந்நாடு, அந்நாடு என்னும் வேறுபாடின்றி, மாடியில் புறாவுக்குத் தானியம் இடுவோரும் முற்றத்தில் குருவிக்கு அரிசி தூவுவோரும் இவ்வுண்மையை உளங்கொள்ளலாம். மாணவர்கள் தம் இல்லங்களில் பறவைக்கு இடும் கையோடு துடைப்பத்தையும் எடுப்பார்களாயின், இவ்வாய்வு தன் பயனை எய்தியதாகக் கருதுவோம்.